குழி பறித்த இறாலும் காவல் நின்ற மீனும்

மகன், உனக்கும் உனக்குத் துணையாக வரப்போகிற பிள்ளைக்கும் உம்மாவின் ஸலாம். நீ எந்த வீட்டில் குடியிருக்கப் போகிறாய் என்பதே இன்னும் முடிவாகாததால் இந்தக் கடிதத்தை நீ வேலை செய்கிற கந்தோர் விலாசத்துக்கு அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை நீ சொன்னதைக் கேட்டு நான் ஒன்றும் பேசாமல் தொலைபேசியை வைத்துவிட்டேன். கோபத்தில் வைக்கவில்லை. கோபம் வந்தால் நான் வைக்கிறவள் அல்ல, விடியும்வரை கதைக்கிறவள். யோசிக்க வேண்டியிருந்ததால்தான் வைத்தேன். "உம்மா, ஹாஜியார்ட வீட்டச் சீதனமா எடுத்து அதுக்குள்ள போய்க் குந்த என்னால ஏலா. ஒட்டுண்ணி மாதிரி இரிக்கும். வாடகைக்கு ஒரு வீடு பார்த்திரிக்கன்" என்று சொன்னாய். விலங்கியல் படிப்பித்தே தலை நரைத்த ஒருத்தியிடம் ஒட்டுண்ணி என்ற சொல்லை இப்படி அலட்சியமாக எறிந்தால் அவள் சும்மா இருப்பாளா? பாடம் எடுக்கத்தான் போகிறேன். உட்கார்ந்து வாசி.

நம் ஊரில் வீடு பெண் பிள்ளைக்கு. மாப்பிள்ளை தன் உடுப்புப் பெட்டியோடு அவள் வீட்டுக்கு வருவான். அவளைப் பெற்றவர்கள் முன் வீட்டை விட்டுக்கொடுத்துவிட்டு, வளவின் பின்பக்கத்தில் ஒரு சின்ன வீட்டுக்கோ அடுப்படியோடு ஒட்டிய அறைக்கோ ஒதுங்குவார்கள். உன் வாப்பாவும் அப்படித்தான் மருதமுனையிலிருந்து, சாரம் நெய்கிற குடும்பத்திலிருந்து, சாய்ந்தமருதில் கடலோரமாக இருந்த என் வீட்டுக்கு வந்தார். வந்த சில நாளிலேயே, "டீச்சர், நான் ஒங்கட வீட்டு ஒட்டுமீன்தானே?" என்று கேட்டார். சுறாவின் வயிற்றில் தலையை ஒட்டிக்கொண்டு சும்மா சவாரி போகிற மீனைக் கரையில் யாரோ காட்டியிருந்தார்கள் போலிருக்கிறது. அந்த மீன் சுறாவைத் தின்பதில்லை, சுறா சிந்துகிறதைத் தின்னும், அதன் மேலில் ஒட்டியிருக்கிற பேன் போன்றவற்றையும் பொறுக்கும் என்று நான் விளக்கினேன். "அப்ப நான் ஒங்களிட்ட என்னத்தப் பொறுக்கிற?" என்றார். பொம்பிளைப் பிள்ளைகளின் பாடசாலையில் படிப்பிக்கிறவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது. அடுத்த தவணையிலேயே பேன் சீப்போடு என் பின்னால் உட்கார வேண்டி வந்தது. ஆகவே, பெண் வீட்டுக்குப் போகிற ஆணெல்லாம் ஒட்டுண்ணி என்று நீ சொன்னால் உன் வாப்பாவும் அதில் அடங்குவார். என் காது கேட்க அதை இன்னொரு தரம் சொல்லாதே.

நம் வளவுக்கும் பக்கத்து வளவுக்கும் நடுவில் ஒரு தகர வேலி இருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். அந்தப் பக்கம் இருந்தவர்தான் இன்று உனக்கு மாமனாராக வரப்போகிற ஹாஜியார். அப்போது அவர் ஹஜ்ஜுக்குப் போயிருக்கவில்லை. ஒரு பழைய வேனில் ஊர் ஊராகச் சாமான் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். யுத்தம் நம் தெரு வரைக்கும் வந்த காலம் அது. கடைத்தெருவில் வெடித்த ஒரு குண்டு உன் வாப்பாவின் உயிரை விட்டுவிட்டுக் காதுகளை எடுத்துக்கொண்டது. முகத்துக்கு நேரே நின்று கத்தினால் ஏதோ கொஞ்சம் கேட்கும், அவ்வளவுதான். பயத்தில் அவர் நம் வளவில் ஒரு பதுங்குகுழி பறித்தார். கடற்கரை மணலில் குழி நிற்குமா? காலையில் பறித்தது பின்னேரம் இடிந்து விழும். தென்னங்குற்றி அடுக்கினார், உரப்பைகளில் மண் நிரப்பி அண்டை கொடுத்தார். மாரியில் தண்ணீர் ஊறியது, இறைத்தார். இடிந்தது, மறுபடி பறித்தார். ஹாஜியாரின் வளவில் குழிக்கு இடமில்லை. இடம் இருந்தாலும் அவர் மண்வெட்டி பிடிக்கிற ஆள் அல்ல. ஆனால் அவருக்குப் பாம்புக் காது. வேனில் ஓடித் திரிந்ததால் எந்தச் சந்தியில் என்ன நடக்கிறது என்பதும் அவருக்கு முதலில் தெரிந்துவிடும்.

இப்படி ஒரு உடன்பாடு யாரும் பேசாமலே உண்டானது. ஆபத்து என்றால் ஹாஜியார் தகர வேலியில் படபடவென்று தட்டுவார். உன் வாப்பா தன் கதிரையை எப்போதும் அந்த வேலியோடு சேர்த்துத்தான் போட்டிருப்பார். முதுகு தகரத்தில் பட்டபடி இருக்கும். சத்தம் கேட்காவிட்டாலும் அதிர்வு முதுகில் ஏறும். எழுந்து உன்னைத் தூக்குவார், என்னைக் கூப்பிடுவார், வேலியில் இருந்த இடைவெளியால் ஹாஜியாரும் பெண்சாதியும் கைக்குழந்தையோடு நம் பக்கம் வந்துவிடுவார்கள், எல்லாரும் ஒரே குழிக்குள். அந்தக் கைக்குழந்தையைத்தான் நீ இப்போது கட்டிக்கொள்ளப் போகிறாய். அவள் அழுதால் நீ அவள் வாயில் உன் விரலை வைப்பாய். இதை நான் இதுவரை உன்னிடம் சொன்னதில்லை, வெட்கப்படுவாய் என்று.

ஒருநாள் என் பாடப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்த உன் வாப்பா ஒரு படத்தில் நின்றுவிட்டார். கடலடி மணலில் ஒரு குழி, அதன் வாசலில் உழுவை இனத்துச் சின்ன மீன் ஒன்று, அதன் பின்னால் ஓர் இறால். அந்த இறாலுக்குக் கண் சரியாகத் தெரியாது. ஆனால் ஓயாமல் மண் அள்ளிக் குழியைத் திருத்திக்கொண்டே இருக்கும். மீனுக்குக் குழி பறிக்கத் தெரியாது, கண் மட்டும் கூர்மை. மீன் வாசலில் காவல் நிற்கும். இறால் வேலை செய்யும்போதெல்லாம் தன் மீசை ஒன்றை மீனின் உடம்பில் தொட்டபடியே வைத்திருக்கும். எதிரி வந்தால் மீன் வாலைச் சிலிர்க்கும், இறால் உள்ளே ஓடும், மீனும் பின்னாலேயே பாயும். இரண்டு இனம், ஒரே குழி. உன் வாப்பா தன் முதுகைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். பிறகு வேலிக்கு மேலால் எட்டி, "மச்சான், நான் இறாலாம், நீ மீனாம், டீச்சர்ட புத்தகத்தில போட்டிரிக்கி" என்று அவருக்கே உரிய பெரிய குரலில் கத்தினார். "மீனெண்டாப் பரவால்ல. கருவாடு எண்டு போடாட்டிச் சரி" என்று ஹாஜியார் அந்தப் பக்கமிருந்து சொன்னார். அந்த மனிதரிடம் எனக்கு அப்போது ஒரு குறையும் இருக்கவில்லை. இருந்திருந்தால் இப்போது இவ்வளவு வயிறு எரியாது.

பிறகு சமாதானம் என்று எல்லாரும் சொல்லத் தொடங்கிய காலம் வந்தது. "இனி என்னத்துக்கு மச்சான் இந்தக் குழி? பாம்பு வந்து கிடக்கும்" என்று ஹாஜியார்தான் முதலில் சொன்னார். மூடினோம். அந்த இடத்தில் கதலி வைத்தோம், நல்ல குலை தள்ளியது, முதல் சீப்பு ஹாஜியார் வீட்டுக்குத்தான் போனது. வேலியில் தட்டுகிற வேலை இல்லாமல் போனது. ஆனால் உன் வாப்பா கதிரையை இடம் மாற்றவில்லை. முதுகுக்குப் பழகிவிட்டது என்றார்.

கடல் ஊருக்குள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை நீ பல்கலைக்கழக விடுதியில் இருந்தாய். எனக்கு மெயின் றோட்டுக்கு மேற்கே, கடலுக்கு எட்டத்தில், மேலதிக வகுப்பு இருந்தது. நான் புறப்படும்போது உன் வாப்பா தேநீர்க் கோப்பையோடு அதே கதிரையில், முதுகைத் தகரத்தில் சாய்த்தபடி இருந்தார். குடையை எடுத்துப் போகச் சொன்னார். மீன் வாங்கக் கடற்கரைக்குப் போன ஹாஜியார், முதல் தண்ணீர் கரையை மீறி வந்து திரும்புவதைத் தன் கண்ணால் கண்டிருக்கிறார். ஓடி வந்தார். பெண்சாதியையும் பிள்ளையையும் வேனில் ஏற்றினார். போய்விட்டார். பெரிய தண்ணீர் வரும்போது எழுந்த இரைச்சலை ஊரே கேட்டது என்கிறார்கள். ரயில் வருகிற மாதிரி என்கிறார்கள், நம் ஊரில் ரயிலைக் கண்டவர் எத்தனை பேர் என்று தெரியாது. உன் வாப்பாவுக்கு அது கேட்டிருக்காது. அவரைக் கண்டெடுத்து மையவாடியில் எல்லாரோடும் சேர்த்து அடக்கிய பிறகுதான் நீ வந்து சேர்ந்தாய். இதுவரை உனக்குத் தெரியும்.

உனக்குத் தெரியாதது இனித்தான். பாடசாலையில் அகதி முகாமில் தங்கியிருந்தபோது ஹாஜியாரின் பெண்சாதி என் பாயில் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "டீச்சர், நான் சென்னன். பக்கத்து ஊட்டுக்கு ஒரு தட்டுத் தட்டுங்க, அந்த மனிசனுக்குக் காது கேக்காதே எண்டு சென்னன். நேரமில்ல எண்டு சென்னாரு. பொறகு எறங்கிப் போனாரு. தட்டத்தான் போறாரு எண்டு நெனச்சன். கேட்டப் பூட்டிட்டு வந்து ஏறினாரு." நான் அவளைத் தடவிக் கொடுத்தேன். நான்தான் அவளைத் தேற்றினேன் என்பதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. பிறகு ஒருநாள் நம் வளவைப் பார்க்கப் போனேன். நம் வீடு இல்லை, அவர்கள் வீடும் இல்லை, மதில் இல்லை, தகர வேலி இல்லை, கதலி இல்லை. இரண்டு தூண்களுக்கு நடுவில் ஹாஜியாரின் இரும்புக் கேட் மட்டும் நின்றது. அதில் பூட்டு, பூட்டியபடி. கேட்டிலிருந்து உன் வாப்பாவின் கதிரை இருந்த இடம் வரைக்கும் நடந்து பார்த்தேன், நாலே எட்டு. நீயும் போய் நடந்து பார், நான் மிகைப்படுத்துகிறேன் என்று நினைத்தால்.

எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம் என்று என்னிடம் சொல்லாதவர் இல்லை. கடல் அல்லாஹ்வின் நாட்டம், அதில் எனக்கு ஒரு கேள்வியும் இல்லை. பூட்டு ஹாஜியாரின் நாட்டம். மன்னிக்கிறவர்களுக்குப் பெரிய கூலி இருக்கிறது என்றும் சொன்னார்கள். இருக்கும். எனக்கு அவசரமில்லை. பயந்து ஓடிய மனிதனை நான் வெறுக்கவில்லை, மகன். அந்தச் சின்ன மீனும் பயந்துதான் ஓடுகிறது, உயிர் அதற்கும் வெல்லம்தான். ஆனால் எந்தப் பயத்திலும் வாலைச் சிலிர்த்துவிட்டுத்தான் ஓடும். குழி தேவைப்பட்ட காலம் முழுக்க ஹாஜியாரின் கையும் வேலியில் தட்டத் தவறியதில்லை. குழி மூடிய பிறகு நாம் அவருக்கு எதற்கு? இதுதான் என் ஆத்திரம். அவர் செத்துப்போனார் என்பதைவிட, மறக்கப்பட்டார் என்பதுதான் எனக்குச் செரிக்கவில்லை.

பழி வாங்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டிருந்தவளிடம் அல்லாஹ் ஹாஜியாரின் மகளையே கொண்டுவந்து உயர்தர வகுப்பில் முன் வாங்கில் உட்கார வைத்தான். ஹஸீனா நன்றாகப் படிக்கிற பிள்ளை; அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. கூட்டுவாழ்வுப் பாடம் வந்தது. கொக்கும் எருமையும் எழுதிப் போட்டேன், எறும்பும் செதில் பூச்சியும் எழுதிப் போட்டேன், பிறகு அந்த இறாலையும் மீனையும் வேண்டுமென்றே பெரிதாக வரைந்தேன். வரைந்துவிட்டு, "மீன் ஒருநாள் வாலை அசைக்காமல் ஓடிவிட்டால் என்ன நடக்கும்?" என்று கேட்டேன். வகுப்பைப் பார்த்துக் கேட்கவில்லை, அவளைப் பார்த்துக் கேட்டேன். ஒரு பெரிய மனுஷி பள்ளிக்கூடப் பிள்ளையிடம் செய்கிற காரியமா என்று நீ கேட்கலாம். அன்றைக்கு எனக்கு அது இனிப்பாக இருந்தது.

அவள் எழுந்து நின்றாள். "இறால் மௌத்தாப் போயிரும் டீச்சர்" என்றாள். பிறகு, "மீனுக்கும் பொறகு போய் ஒளிய ஒரு எடமும் இல்ல டீச்சர். அது வெளியிலயே நிக்கும்" என்றாள். மற்றப் பிள்ளைகள் விடையைக் கொப்பியில் எழுதினார்கள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. வேனுக்குள் இருந்தவள்தானே, எப்படித் தெரியாமல் போகும்? அந்த வீட்டில் எனக்காக மனதுக்குள்ளேயே நொந்துகொண்ட ஒரு ஆள் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் அறிந்தேன். அவள் மேல் எனக்கு இருந்த எரிச்சல் அன்றோடு சரி. அவள் வாப்பா மேல் இருந்தது இன்னும் கூடிவிட்டது.

யுத்தம் முடிந்தது என்று வானொலியில் சொன்ன அந்த வாரம் கல்முனை முழுக்கக் கொடி. அதற்குள் ஹாஜியார் நிவாரணச் சாமான் ஏற்றி ஏற்றி வேன் லொறியாகி, லொறி இரண்டாகி, ஹஜ்ஜும் முடித்து, மெயின் றோட்டுக்கு மேற்கே மாடி வைத்த வீடும் கட்டியிருந்தார். சந்தியில் பந்தல் போட்டுப் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் சர்பத் ஊற்றிக் கொடுத்தார். பாடசாலை விட்டு வந்த எனக்கும் ஒரு கிளாஸ் நீட்டினார். "அல்ஹம்துலில்லாஹ் டீச்சர், எல்லாரும் தப்பிட்டம்" என்றார். எல்லாரும். நான் கிளாஸை வாங்கிக் கடைசிச் சொட்டு வரைக்கும் அவரைப் பார்த்தபடியே குடித்தேன். திருப்பிக் கொடுக்கும்போது, "ஓம் ஹாஜியார், பூட்டினவங்க எல்லாரும் தப்பிட்டாங்க" என்றேன். கிளாஸை வாங்கிய கை அப்படியே நின்றது.

அதற்குப் பிறகுதான் அவர் பெண்சாதியோடு என் வீட்டுக்கு வந்தார், பழத்தட்டோடு. கடலுக்கு எட்டத்தில் நிவாரணமாக எனக்கு ஒதுக்கித் தந்த இந்தச் சின்ன வீட்டில் அவர் தலை குனிந்துதான் நுழைய வேண்டும், கதவு நிலை அவ்வளவு தாழ்வு. நீயும் ஹஸீனாவும் ஒருவரை ஒருவர் விரும்புவது எனக்கு முன்பே தெரியும், உன் முகத்தில் எதுவும் தங்காது. "டீச்சர், பழசெல்லாம் மறப்பம். எனக்கு ஒரே புள்ள. ஊடு அவட பேருக்கு எழுதுறன். ஒங்கட மகன் வந்து ராசா மாதிரி இரிக்கட்டும்" என்றார். "எத மறக்கிற எண்டு சென்னீங்கெண்டா மறக்கலாம் ஹாஜியார்" என்றேன். அவர் தரையைப் பார்த்தார். அவர் பெண்சாதி அவரைப் பார்த்தாள். பிறகு அவர் பழத்தட்டை என் பக்கம் நகர்த்தி வைத்தார். நான் உடனே சம்மதம் என்றேன். ஊரில் எல்லாரும் டீச்சரின் மனம் பெரிய மனம் என்றார்கள். பாவம், அவர்களுக்கு என்ன தெரியும்.

என் மனதில் இருந்ததை உனக்கு ஒளிக்காமல் சொல்கிறேன். நம் ஊர் வழக்கமே எனக்காகப் பழி வாங்கித் தரும் என்று கணக்குப் போட்டிருந்தேன். வழக்கு வேண்டாம், சண்டை வேண்டாம். நீ முன் கதவால் உள்ளே போவாய், ஹாஜியார் அந்த மாடி வீட்டை விட்டு அடுப்படிப் பக்கத்து அறைக்கு ஒதுங்குவார். பூட்டு உன் கையில் இருக்கும். வெள்ளிக்கிழமை தோறும் நான் வருவேன். முன் விறாந்தையில் ஒரு கதிரையைச் சுவரோடு சேர்த்துப் போட்டு, முதுகைச் சாய்த்து உட்காருவேன். ஒன்றும் பேசமாட்டேன். அவர் தன் சொந்த வீட்டுக்குள் பின் வழியால் போய்வரட்டும். இதை நினைத்து நினைத்து எத்தனை நாள் சோறு ருசியாக இறங்கியிருக்கிறது தெரியுமா?

அதில்தான் நீ மண்ணைப் போட்டாய். முதலில் எனக்கு உலகமே இருண்டது. பிறகு உன் ஒட்டுண்ணியை எடுத்து வைத்து யோசித்தேன். மாமரத்துக் குருவிச்சையைப் பார்த்திருக்கிறாய். மரத்தின் சாற்றை உறிஞ்சித்தான் பிழைக்கிறது, ஆனால் மரத்தைச் சட்டென்று சாகவிடாது. கொஞ்சக் காலத்தில் மரமும் பழகிவிடும், அந்தக் கொப்பைக் குருவிச்சைக்கு விட்டுவிட்டு மற்றக் கொப்புகளில் காய்த்துக்கொண்டு நிற்கும். ஹாஜியாரும் அப்படித்தான் பழகிவிடுவார். வீட்டை எழுதிக் கொடுத்த அன்றே அவர் மனதில் கணக்குத் தீர்ந்துவிடும். ஒரு மனிதனின் உயிருக்கு மாடி வைத்த வீடு, மோசமில்லை என்று நிம்மதியாகத் தூங்குவார். பள்ளிவாசலில் நாலு பேர் அவரைப் புகழ்வார்கள். நீ வேண்டாம் என்றால் அந்த வீடு அவர் நெஞ்சில் கிடக்கும். கொடுக்க நீட்டிய கை நீட்டியபடியே நிற்கும், அன்றைக்குக் கிளாஸ் பிடித்த கை மாதிரி. உனக்கு இது மார்க்கமும் மானமும் சம்பந்தப்பட்ட விஷயம். எனக்கு அப்படியில்லை. ஆனாலும் நீ சொன்ன வழியே நல்ல வழி. வாடகை வீட்டையே எடு. கூரை ஒழுகுதா என்று மட்டும் மாரிக்கு முன் பார்த்துக்கொள்.

கல்யாணத்துக்குப் புத்தி சொல்லாத உம்மா உண்டா? என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். இந்த வீட்டு எலுமிச்சை மரத்தில் முசுறு எறும்பு கூடு கட்டியிருந்தது, பறிக்கப் போனால் கடி தாங்க முடியாது. புகை போட்டு எல்லாவற்றையும் விரட்டினேன். அந்த மாரியில் புழு வந்து ஓர் இலை விடாமல் தின்று முடித்தது. கடிக்கிறதெல்லாம் கூடாதது என்று நினைத்த எனக்கு நல்ல பாடம். ஹஸீனாவுக்கும் கொஞ்சம் கடிக்கிற நாக்கு இருக்கிறது, என் வகுப்பில் நான் கண்டதுதான். அதை விரட்டப் பார்க்காதே. உங்கள் இரண்டு பேரில் யார் குழி பறிக்கிறது, யார் காவல் நிற்கிறது என்று முதலிலேயே பிரித்துக்கொள்ளவும் வேண்டாம், அது நாளுக்கு நாள் மாறும். ஒன்று மட்டும் மாறக் கூடாது. எந்தச் சண்டையில், எந்தப் பயத்தில் நீ எழுந்து ஓட வேண்டி வந்தாலும் அவளிடம் ஒரு சொல் சொல்லிவிட்டு ஓடு. உன் வாப்பா இருபத்துச் சொச்சம் வருஷம் என் வீட்டில் இருந்தார். கடைக்குப் போனாலும் என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் போவார்.

ஹாஜியாரை மன்னித்துவிட்டேன் என்று இதற்கு அர்த்தம் இல்லை. வீட்டை நான் விட்டுத்தருகிறேன், அதற்குப் பதிலாக எனக்கு ஒன்று வேண்டும். அதை நீதான் செய்து தர வேண்டும்.

நிக்காஹ் முடிந்து சஹனில் சோறு வைப்பார்கள். ஆறு பேர் சுற்றி உட்காருகிற ஒரே பாத்திரம். எங்கள் பாடத்தில் இதற்கு ஒரு பெயர் உண்டு, ஓரட்டிலுண்ணல், ஒரே அடுப்படியில் தின்று பக்கத்துப் பக்கத்தில் வாழ்கிற உயிர்கள். உன் சஹனில் ஐந்து பேரை மட்டும் உட்கார வை. உனக்கு வலப்பக்கத்து இடத்தை விட்டுவிடு. ஹாஜியாரை அதற்கு நேர் எதிரே உட்கார வை. யாராவது மரியாதைக்கு அந்த இடத்தை நிரப்ப வந்தால், "இது என்ட வாப்பாட இடம்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல். வேறு ஒரு வார்த்தையும் பேசாதே. உப்புத் தொட்டுச் சாப்பிடத் தொடங்குங்கள். சஹனில் அவரவர் தன் முன்னால் இருக்கிறதைத்தான் எடுப்பது, அது நம் ஒழுக்கம். ஆகவே உங்கள் பக்கமெல்லாம் சோறு குறையக் குறையத் தட்டம் தெரியும். அந்த ஒரு பக்கம் மட்டும் சோறு, இறைச்சி, அச்சாறு எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கும். ஹாஜியார் கடைசிக் கவளம் வரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டு சாப்பிடட்டும்.

நான் அங்கே இருக்கமாட்டேன். இடுப்பு வலி என்று சொல்லிவிடு, நம்புவார்கள். நீங்கள் சாப்பிட்டு எழும்பிய பிறகு, அந்தப் பக்கத்துச் சோற்றை அப்படியே வாழையிலையில் கட்டி ஹாஜியாரின் கையில் கொடு. ஆள் அனுப்பக் கூடாது, வேன் அனுப்பக் கூடாது. அவரே நடந்து வந்து என் வீட்டுக் கதவைத் தட்டட்டும். நான் அன்றைக்குக் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் கதவோடு சேர்த்துக் கதிரையைப் போட்டு, முதுகைச் சாய்த்துக்கொண்டு உள்ளேதான் இருப்பேன். எனக்குக் காது நன்றாகக் கேட்கும். ஆனாலும் உடனே திறக்கமாட்டேன்.

உன் உம்மா